பந்து ஏன் வலப்பக்கமே போனது?

கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் பேஸ்பால் பயிற்சி. வலக்கை ஆட்டக்காரனான நான் எப்படி அடித்தாலும் பந்து வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. பேட் தாமதமாக வருவதால்தான் பந்து அந்தப் பக்கம் போகிறது, சரி, ஆனால் பேட் ஏன் தாமதமாகிறது? எடை குறைந்த பேட், மணிக்கட்டுப் பயிற்சி, எதுவும் உதவவில்லை. ஸ்லோமோஷன் வீடியோவில் இடுப்பும் தோளும் ஒன்றாகவே திரும்பின.

துப்பு கிடைத்தது மண்ணில். நன்றாக அடிப்பவர்களின் பின்கால் தடத்தில் பெருவிரல் பக்கம் மண் வளைவாகச் சீய்த்திருக்கும். என் தடம் அச்சு வைத்ததுபோல் அப்படியே கிடந்தது. பின்கால் சுழலவே இல்லை!

அப்புறம் முன்காலைச் சீக்கிரம் ஊன்றி, கைகளைப் பின்னாலேயே நிறுத்தி, இடுப்பை முதலில் திருப்பினேன். இடுப்பு, தோள், கை, கடைசியில் பேட். மணிக்கு 145 கி.மீ. வேகப் பந்து சுமார் 0.4 வினாடியில் வந்துவிடும். கையை மட்டும் நம்பினால் ஆகாது. இப்போது பெரும்பாலும் நடுவில்தான் பறக்கிறது.