வணிகச் சட்டத்தில் ஆய்வு: காமர்ஸ், எம்.பி.ஏ. துறையினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமர்ஸ் துறையிலோ மேலாண்மைத் துறையிலோ பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு, வணிகச் சட்டத்தில் தலைப்பு எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாக எடுங்கள். கம்பெனி நொடித்துப் போவது, செக் திரும்புவது, பாக்கி வராமல் சின்ன சப்ளையர் அலைவது என்று எல்லாவற்றிலும் கணக்கும் சட்டமும் பின்னிக் கிடக்கின்றன, இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் நம் துறைகளில் இந்த ஆய்வுகள் பல, சட்டத்தின் மூலத்தை ஒரு தடவைகூடத் திறக்காமல் முடிந்துவிடுகின்றன. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அதுதான்.

முதலில் அந்த ‘விழிப்புணர்வு’ ஆய்வு. ‘நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பற்றி இன்ன மாவட்ட மக்களின் விழிப்புணர்வு’ என்று தலைப்பு, 384 பேரிடம் கேள்வித்தாள், கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை, கடைசியில் அரசு விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை. சரி, மக்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பது தப்பில்லை. கேள்வித்தாளை எதிலிருந்து தயாரித்தீர்கள் என்பதுதான் விஷயம். பழைய ஆய்வேட்டிலிருந்து கேள்விகளை அப்படியே எடுத்தால் அதில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் உட்கார்ந்திருக்கும்: மாவட்ட அளவில் 20 லட்சம் ரூபாய் வரைதான், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் புகார் என்று. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். வரம்பையும் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் பார்ப்பதில்லை, கொடுத்த விலையை வைத்துத்தான் பார்க்கிறார்கள், 2021 டிசம்பர் விதிகளுக்குப் பிறகு மாவட்ட ஆணையத்துக்கு அது 50 லட்சம். இப்போது யோசித்துப் பாருங்கள், இன்றைய சட்டம் தெரிந்து பதில் சொன்னவருக்கு உங்கள் கேள்வித்தாள் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று மதிப்பெண் போடுகிறது. அதற்கு மேல் எந்தப் புள்ளியியல் சோதனை செய்து என்ன?

சட்டத்தின் பெயரில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்புவதும் இதே வகைதான். கம்பெனிகள் சட்டம் 2013 என்றால் 2013இல் எல்லாம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ‘முன், பின்’ என்று தரவைப் பிரிக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் 2013 செப்டம்பரில் வந்தன, பெரும்பகுதி 2014 ஏப்ரல் 1இல் வந்தது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் (சி.எஸ்.ஆர்.) செலவைச் சொல்லும் பிரிவு 135 உட்பட. கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் 2016 ஜூனில்தான் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பிரிவும் எந்த அறிவிக்கையில் எந்தத் தேதியில் அமலானது என்று பார்ப்பதற்கு அரை நாள் ஆகும். ஆனால் உங்கள் தரவு முழுவதும் அந்தத் தேதியில்தான் நிற்கிறது.

இதைவிடப் பெரிய சறுக்கல் திவால் சட்டத்தில் நடக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சரக்கோ சேவையோ கொடுத்துவிட்டுப் பணம் வராதவர்கள் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் போடும் திவால் மனுக்களை ஆண்டுவாரியாக வரைந்தால் 2020க்குப் பிறகு கோடு சரிகிறது. உடனே ‘கம்பெனிகள் ஒழுங்காகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன’ என்று எழுதத் தோன்றும். நடந்தது வேறு. 2020 மார்ச் 24ஆம் தேதி, மனு போடத் தேவையான குறைந்தபட்ச பாக்கியை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். மறுநாளிலிருந்து ஓராண்டுக்குள் ஏற்பட்ட தவணைத் தவறல்களுக்கு எப்போதுமே மனு போட முடியாது என்று பிரிவு 10ஏ வந்தது. அந்தத் தடை அந்த ஓராண்டுத் தவறல்களோடு நின்றது, ஒரு கோடி வரம்பு அப்படியே இருக்கிறது. திருப்பூரில் 20 லட்சம் பாக்கிக்குக் காத்திருக்கும் சாயப்பட்டறைக்காரர் காணாமல் போகவில்லை, அவருக்கு அந்தக் கதவு அடைந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் சிறு தொழில்களின் பாக்கித் தகராறைப் பார்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கோ வணிக நீதிமன்றத்துக்கோ போயிருக்கலாம், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கியும் இருக்கலாம். தீர்ப்பாயத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஆய்வில் அவர் வரவே மாட்டார்.

திவால் தீர்வில் கிடைக்கும் மீட்புத் தொகையிலும் கவனம் வேண்டும். கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது, ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதே தொகை, கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைக்கும் மதிப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டும் உண்மை. எதால் வகுத்தீர்கள் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் போடுவது வாசகரை ஏமாற்றுவது.

அப்புறம் தீர்ப்புகள். மேலே சுருக்கமாக வரும் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள், அது தொகுப்பாசிரியர் எழுதியது, தீர்ப்பின் பகுதியே கிடையாது. முழுத் தீர்ப்பையும் திறந்தால்கூட யார் எழுதிய பத்தி, பெரும்பான்மையா மாறுபட்டவரா என்று பாருங்கள். என்.என். குளோபல் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து, முத்திரைத்தாள் கட்டணம் கட்டாத ஒப்பந்தத்தில் உள்ள, தகராறை நடுவரிடம் விடும் ஷரத்து செல்லாது என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளிவிட்டது. ஏப்ரல் தீர்ப்பைத் தேடி எடுத்து இன்றும் சட்டமாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த வழக்குப் பெயரைச் சரிபார்க்காமல் போடுவது இன்னும் மோசம். 2023இல் நியூயார்க்கில், அப்படிக் கிடைத்த, நிஜத்தில் இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. இந்தியன் கானூனும் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளமும் இலவசம், சாக்குச் சொல்ல வழியில்லை.

வெளிநாட்டுப் பாடநூலை வைத்து வேலை ஒப்பந்தம் பற்றி எழுதுபவர்கள், நம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27ஐப் படித்துவிட்டு எழுதுங்கள். வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஷரத்து நியாயமான அளவில் இருந்தால் இங்கிலாந்தில் செல்லும், இங்கே செல்லாது.

கடைசியாக, ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே ‘இந்தத் தேதி வரையுள்ள சட்டம்’ என்று எழுதிவிடுங்கள். நொடித்துப்போன பூஷண் பவர் அண்ட் ஸ்டீல் கம்பெனியை எடுத்துக்கொள்ள ஜே.எஸ்.டபிள்யூ. கொடுத்த திட்டத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, ஜூலையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது, செப்டம்பரில் திட்டத்தை உறுதி செய்தது. ஜூனில் அத்தியாயம் முடித்து டிசம்பரில் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) போகிறவர் இடையில் என்ன நடந்தது என்று பார்க்காவிட்டால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். ஆகவே சமர்ப்பிக்கும் வாரத்தில், மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பையும் பிரிவையும் இன்னும் நிற்கிறதா என்று ஒருமுறை வரிசையாகச் சரிபார்த்துவிடுங்கள்.