பாவித்த யுனிக்ஸ் வேர்க்ஸ்டேஷன்: வாங்குமுன் அளந்து பார்ப்பது எப்படி

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ காலி வீதிக் கடையொன்றிலோ பாவித்த எச்பி இசட்4, டெல் பிரிசிஷன் 5820 போன்ற மெஷின் ஒன்றுக்கு விலை கேட்டால், கிகாஹேர்ட்ஸும் கோர் எண்ணிக்கையும்தான் முதலில் காதில் விழும். உங்கள் வேலை எத்தனை நிமிடத்தில் முடியும் என்பதை அவை சொல்லாது. அதை அளந்துதான் அறிய வேண்டும். அதில் யுனிக்ஸ் வகை சிஸ்டங்களான லினக்ஸ் போடுபவருக்கும் ஃப்ரீபிஎஸ்டி போடுபவருக்கும் முறை ஒன்றுதான். கட்டளைகள் மட்டும் கொஞ்சம் மாறும். கீழே சொல்வது லினக்ஸை வைத்து.

முதலில் உங்கள் சொந்த வேலையில் ஒன்றை எடுத்து வையுங்கள்: ஒரு புரோகிராமின் மூல வரிகளை முழுதாகக் கம்பைல் செய்து ஓடும் கோப்பாக்குவது, ஒரு காட்சியை ரெண்டர் செய்வது, ஒரு டேட்டாபேஸைத் திரும்ப ஏற்றுவது, எதுவானாலும் சரி. 5 முதல் 15 நிமிடம் வரை ஓடினால் நல்லது. ஒரு நிமிடத்துக்குள் முடிவது எதையும் காட்டாது. ஏன் என்பது சூட்டைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

அடுத்தது, எல்லா மெஷினிலும் ஒரே சிஸ்டம் ஓட வேண்டும். வெளியில் செருகும் எஸ்எஸ்டி ஒன்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவி, அதிலிருந்தே ஒவ்வொரு மெஷினையும் பூட் செய்யுங்கள். கேர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), கம்பைலர், லைப்ரரி எல்லாம் அப்போது ஒன்றாகவே இருக்கும். கேர்னல் வேறுபட்டால் ஒப்பீடு கெட்டது. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போட்ட தடுப்புகள் சிஸ்டம் கோல்களை (புரோகிராம் கேர்னலிடம் வேலை கேட்பதை) மெதுவாக்கின. பழைய கேர்னல் ஓடும் மெஷின், சிஸ்டம் கோல் அதிகமுள்ள சோதனைகளில் வேகமாகத் தெரிவதற்கு அதுவே போதும்.

கம்பைலரிலும் கவனம் வேண்டும். ஒரே பைனரியை (கம்பைல் செய்து முடித்த கோப்பை) எல்லாவற்றிலும் ஓட்டுங்கள். அல்லது அந்தந்த சிபியுவுக்கு ஏற்றபடி தனித்தனியாகக் கம்பைல் செய்து ஓட்டுங்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. கம்பைலர் என்னவெல்லாம் செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கணினி வேகச் சோதனைகளை வெளியிடும், 1988இல் தொடங்கிய ஸ்பெக் அமைப்பின் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்றொரு சோதனை இருந்தது. கம்பைலருக்கு முன்னால் ஓடும் புரோகிராம்கள் அதன் லூப்களைத் திருப்பி அடுக்கியதும், மெஷின் மாறாமலே மதிப்பெண் பல மடங்கு ஏறியது. அடுத்த தொகுப்பிலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள்.

சிபியு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கவர்னரை ‘பெர்ஃபோமன்ஸ்’ நிலைக்கு மாற்றுங்கள். டெஸ்க்டொப், அப்டேட், பேக்கப் எதுவும் பின்னால் ஓடக் கூடாது. ‘அப்டைம்’ கட்டளை காட்டும் சுமை 0க்கு அருகில் வரும்வரை பொறுத்திருந்து தொடங்குங்கள்.

இனி ரேம். பாவித்த மெஷினில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இவ்வகை மெஷின்களில் வரும் இன்டெல் சியோன் டபிள்யூ-2100 வரிசை சிபியுவில் நான்கு மெமரி சேனல்கள் (ரேமுக்குப் போகும் பாதைகள்) உண்டு. டிடிஆர்4-2666 ரேமில் ஒரு சேனல் செக்கனுக்கு 21.3 ஜிபி கடத்தும். நான்கும் சேர்ந்தால் 85 ஜிபி. விற்பவர் 32 ஜிபி ஸ்டிக் ஒன்றை மட்டும் செருகியிருந்தால், ‘32 ஜிபி ரேம்’ என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் நான்கில் ஒரு பங்கு வேகம்தான் கிடைக்கும். ‘டிஎம்ஐடிகோட்’ கட்டளையை ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால் எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். ஸ்டிக்கின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்க்காமல், அங்கே காட்டும் ஓடும் வேகத்தைப் பாருங்கள்.

அதை உறுதிப்படுத்த ரேம் வேகத்தை அளக்க ஜோன் மக்கால்பின் எழுதிய ஸ்ட்ரீம் சோதனை போதும். அது பயன்படுத்தும் எண் வரிசை ஒவ்வொன்றின் அளவும், சிபியுவுக்குள் இருக்கும் சிறிய வேக நினைவான கேஷின் கடைசி நிலையைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரேமை விட்டுக் கேஷைத்தான் அளப்பீர்கள். வரிசையில் ஓர் எண்ணுக்கு 8 பைட். கேஷ் 64 எம்பி என்றால் 34 மில்லியன் எண்களாவது வேண்டும். சோதனையோடு வரும் 10 மில்லியன் போதாது. வேலையைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பியுடன் கம்பைல் செய்து எல்லாக் கோர்களிலும் ஓட்டுங்கள், ஒரு கோர் தனியாக எல்லாச் சேனல்களையும் நிரப்பாது. முடிவில் வரும் ‘ட்ரையட்’ வரியில், மேலே சேனல்களுக்குக் கணக்கிட்ட எண்ணின் முக்கால்வாசி அளவில் வந்தால் ரேம் ஒழுங்காக இருக்கிறது.

உங்கள் வேலையை ‘டைம்’ கட்டளையோடு ஓட்டுங்கள். மூன்று எண்கள் வரும்: கடிகார நேரம், உங்கள் புரோகிராம் சிபியுவில் செலவிட்ட நேரம், கேர்னல் செலவிட்ட நேரம். ஒரே கோரில் ஓடும் வேலையில் பின்னிரண்டின் கூட்டுத்தொகையைவிடக் கடிகார நேரம் வெகுவாகக் கூடியிருந்தால், மெஷின் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. முதல் ஓட்டத்தில் கோப்புகள் டிஸ்க்கிலிருந்து வரும், இரண்டாவதில் ரேமிலிருந்து வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் ரேமில் தங்கிய கோப்புகளின் கேஷைக் காலி செய்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்து முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். ஐந்து ஓட்டங்களுக்குள்ளேயே 4 சதவீதம் ஆடுகிறது என்றால், இரண்டு மெஷினுக்கு இடையிலான 3 சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை.

டிஸ்க்கை அளக்க ‘எஃப்ஐஓ’ என்ற கருவி. மெஷினுக்குள் இருக்கும் டிஸ்க்கில் ஒரு கோப்பை உருவாக்கி அதன்மேல் ஓட்டுங்கள். தவறிப்போய் டிஸ்க்கின் பெயரையே கொடுத்து எழுதவிட்டால் அதிலுள்ளதெல்லாம் போய்விடும். ரேமைத் தவிர்த்து வாசிக்கும் நேரடி வாசிப்பு முறையைப் போடாவிட்டால் கோப்பு ரேமைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 4 கேபி தாறுமாறான வாசிப்பை வரிசை ஆழம் 1இல் (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை) எடுங்கள். அன்றாடப் பாவனைக்கு மிகவும் கிட்டியது அதுதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் தொடர் வாசிப்புக்கானது. எழுதும் வேகத்துக்குச் சில பத்து ஜிபி எழுதிப் பாருங்கள், பல எஸ்எஸ்டிகளில் தொடக்கத்திலுள்ள வேகமான கேஷ் நிரம்பியதும் வேகம் விழும். ‘டிடி’ கட்டளையால் வெறும் சுழியங்களை எழுதி அளக்கும் பழக்கம், தரவைச் சுருக்கி எழுதும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் அபத்தமான எண்களைத் தரும்.

பல சோதனைகளைச் சேர்த்து ஓட்டும் யுனிக்ஸ்பெஞ்சையும் ஓட்டலாம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் அளவில் எடுக்கும். அதன் மதிப்பெண் சன் நிறுவனத்தின் பழைய ஸ்பார்க்ஸ்டேஷன் 20 ஒன்றுக்கு 10 என்று வைத்துக் கணக்கிடுவது. மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு பைப் (புரோகிராம்களுக்கிடையே தரவு கடத்துவது), கொன்டெக்ஸ்ட் மாற்றம் (ஒரு வேலையிலிருந்து மற்றதற்குத் தாவுவது), ஷெல் ஸ்கிரிப்ட் வரிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். டிரைஸ்டோன் வரியைத் தாண்டிப் போகலாம்: 1984இல் வந்த அந்தச் சிறிய புரோகிராம் இன்றைய கேஷுக்குள் முழுதாக அடங்கிவிடும்.

இனி, சூடு. ஏசி போட்ட கடையில் 24 பாகையில் அளந்த எண், வெள்ளவத்தையில் ஏசி இல்லாத 32 பாகை அறையில் நிற்காமல் போகலாம். டர்போ வேகம் முதல் சில பத்து செக்கன்களுக்கு மட்டுமே கிடைப்பது சாதாரணம். பிறகு மின் வரம்பு பிடிக்கும்; அதற்குப் பிறகும் குளிர்விப்பான் தாங்காவிட்டால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைக்கும். பழைய மெஷினில் ஹீட்சிங்கில் தூசி, சிபியு மேல் காய்ந்த பேஸ்ட். உங்கள் வேலையை 30 நிமிடம் தொடர்ந்து திரும்பத் திரும்ப ஓட்டி, பக்கத்தில் சிபியுவின் வேகத்தையும் சூட்டையும் காட்டும் ‘டர்போஸ்டாட்’டை 5 செக்கனுக்கு ஒரு முறை பதிய விடுங்கள். இரண்டாவது ஓட்டத்தைவிடக் கடைசி ஓட்டம் 5 சதவீதத்துக்கு மேல் நீண்டால், துப்புரவும் புதுப் பேஸ்டும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள்.

முடிவுகளைச் சேர்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு சோதனையில் ‘அ’ இரண்டு மடங்கு வேகம், மற்றதில் ‘ஆ’ இரண்டு மடங்கு வேகம் என்று வைப்போம். ‘ஆ’வை 1 என்று எடுத்தால் ‘அ’வின் விகிதங்கள் 2, 0.5, சராசரி 1.25. ‘அ’வை 1 என்று எடுத்தால் ‘ஆ’வுக்கும் அதே 1.25. யாரை அடிப்படையாக வைத்தாலும் மற்றவர் வெல்கிறார்! இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1. ஸ்பெக் அமைப்பு பெருக்கல் சராசரி எடுப்பது இதனால்தான். ஆனால் உங்கள் நாளின் பெரும்பகுதி ஒரே வேலையில் போகிறதென்றால் சராசரியே வேண்டாம், அந்த வேலையின் நிமிடங்களைப் பாருங்கள்.

கடையில் 20 நிமிடம்தான் தருவார்கள் என்றால்: ரேம் ஸ்லாட்டுகளைப் பார்த்து ஸ்ட்ரீமை ஓட்ட மூன்று நிமிடம், எஃப்ஐஓவுக்கு இரண்டு, மிச்சம் பதினைந்தும் உங்கள் வேலைக்கு, டர்போஸ்டாட் பதிந்தபடி. யுனிக்ஸ்பெஞ்சை விட்டுவிடுங்கள். பயோஸ் பதிப்பையும் மெஷினின் சீரியல் இலக்கத்தையும் அதே தாளில் குறித்து வையுங்கள்; காசு கொடுக்கும்போது, நீங்கள் அளந்த அதே மெஷின்தானா மேசைக்கு வந்திருக்கிறது என்று பார்க்க அது தேவைப்படும்.