வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு ஆப் கிடைத்ததும் "இதை எந்தப் பாடத்தில் பயன்படுத்தலாம்?" என்று தேட ஆரம்பிக்கிறோமே, முதல் தவறு அங்கேதான். பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கருவி அப்புறம்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986-ல் சொன்னது இது: பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, பொதுவாகக் கற்பிக்கத் தெரிந்தாலும் போதாது, இந்தப் பாடத்தை எப்படிப் புரியவைப்பது, இதில் மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்ற தனி அறிவு ஆசிரியருக்கு வேண்டும். 2006-ல் கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். இன்று டிபேக் (TPACK) என்று சொல்லப்படுவது அதுதான். பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம் என்ற மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் படமாக அதை வரைவார்கள். மூன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டால் மூன்றும் சேரும் நடுப்பகுதி தானாக வந்துவிடும் என்று நம்புவது இரண்டாவது தவறு. எந்த பட்டனை அழுத்துவது என்பதோடு முடிந்துபோகும் பயிற்சிகள் எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன.

மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் ஒரே மாதிரி இரண்டு பல்புகள். முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் இலவச ஃபெட் (PhET) சிமுலேஷனில், அதாவது கணினித் திரையில் செய்துபார்க்கும் மாதிரிச் சோதனையில், இந்தச் சுற்றை அமைக்கலாம். எலக்ட்ரான்கள் ஓடுவதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால் அந்த எண்ணம் அப்படியே இருக்கும். சுவிட்சைப் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். எந்த பல்பு அதிகப் பிரகாசமாக எரியும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். பிறகு சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும். முதல் பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வையுங்கள், அளவு மாறாது. "சரி, அப்படியானால் பல்பு எதைத்தான் எடுத்துக்கொள்கிறது?" என்று கேளுங்கள். ஆற்றல் பற்றிய பாடம் அந்தக் கேள்வியில் தொடங்கும். எலக்ட்ரான்கள் உண்மையில் திரையில் காண்பது போன்ற பெரிய உருண்டைகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு தப்பான எண்ணம் போய் இன்னொன்று வந்து உட்காரும்.

சிமுலேஷனை இயக்கப் பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பது, மாணவர்களின் பதில்களை ஊன்றிக் கவனித்தவருக்குத்தான் பிடிபடும்.

ஸ்லைடில் படத்தோடு முழுப் பத்தியையும் போட்டு, அதையே வாய்விட்டுப் படிப்பதும் தவறுதான். பெரும்பாலும் படமும் பேச்சும் மட்டும் இருக்கும்போது கற்றல் நன்றாக நடக்கிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டுகின்றன. புதிய கலைச்சொற்கள் திரையில் இருக்கலாம். பாடம் தாய்மொழியில் இல்லாத மாணவர்களுக்கும் எழுத்து உதவும்.

கடைசியாக, சூழலை மறப்பது. மிஸ்ரா 2019-ல் சூழல் அறிவையும் அந்த டிபேக் படத்தில் சேர்த்தார். எத்தனை கருவிகள் இருக்கின்றன, கடைசி வரிசைக்குத் திரை தெரிகிறதா, பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் என்ன செய்வார் என்பதை முன்பே யோசியுங்கள். ஒரே ஒரு திரை இருந்தாலும் மேலே சொன்ன பாடத்தை நடத்தலாம். ஊகத்தை எழுத நோட்டு போதும். பாதியில் இணையம் நின்றுபோனால் எடுத்துக்கொள்ள, ஒரு பேட்டரியும் இரண்டு பல்புகளும் மேசைமேல் இருக்கட்டும்.