கண்ணாடித் தம்ளரும் ஜன்னல் வெயிலும்

கதையே இல்லாமல், வெளிச்சத்தை மட்டும் வைத்துக் குறும்படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம். அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் 1974இல் கண்ணாடி ஆஷ்ட்ரே வழியாக வந்த ஒளியை வைத்தே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் எடுத்தார்.

கனமான கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் வையுங்கள், அதன் விளிம்பில்தான் ஒளி வளைந்து நிறம் பிரியும். போனில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தின் அளவு) மாறாதபடி லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன்பாட்டுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் சொதப்பிவிடும். எக்ஸ்போஷர் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். வெளுத்துப்போன இடத்தில் நிறத்தை மீட்க முடியாது.

ஃபோகஸ் தம்ளருக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழவேண்டும். ‘அட, தம்ளர்!’ என்று தெரிந்துவிட்டால் போச்சு. அப்புறம், கேமராவை ஆட்டாமல் தம்ளரை மெதுவாகச் சுழற்றுங்கள். பின்னணி இசையா? நான் சேர்க்க மாட்டேன்.