வாணலியைக் கழுவும் முன் துடையுங்கள்

வடையோ அப்பளமோ பொரித்து முடித்ததும் வாணலியை அப்படியே சிங்க்கில் கவிழ்க்காதீர்கள். வெந்நீர் ஊற்றி லிக்விட் போட்டால் எண்ணெய் போய்விடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். போவது உங்கள் வீட்டுக் குழாயைத் தாண்டி மட்டும்தான். பாதாளச் சாக்கடையில் தண்ணீர் ஆறியதும் எண்ணெய் மறுபடி பிரிந்து குழாயின் சுவரில் ஒட்டும், தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து இறுகும், அப்புறம் வருகிற முடி, துணி, பிளாஸ்டிக் எல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். 2017-ல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் இப்படிச் சேர்ந்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. நம் தெருக்களில் குழாய் சிறியது, அடைக்க அவ்வளவெல்லாம் தேவையில்லை.

செய்ய வேண்டியது சுலபம். எண்ணெய் ஆறட்டும். வடிகட்டி, திரும்பப் பயன்படும் அளவு நன்றாக இருந்தால் ஓரிரு நாளில் தாளிப்புக்கே தீர்த்துவிடுங்கள். கறுத்துப்போன எண்ணெய் கொஞ்சம்தான் என்றால் பழைய பேப்பரிலோ தேங்காய் நாரிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையில் போடலாம். தீபாவளிப் பலகாரம் சுட்ட பிறகு மிஞ்சுவது போல நிறைய இருந்தால் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. அது பெரும்பாலும் ஓட்டல்களை மனதில் வைத்த திட்டம்தான், ஆனாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டு எண்ணெயையும் ஒரே கேனில் சேர்த்தால், எண்ணெய் வாங்கும் ஆட்களிடம் பேசிப் பார்க்கலாம்.

உண்மையில் பெரிய தொல்லை மிச்ச எண்ணெய்கூட இல்லை, தினமும் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்குதான். பிரியாணி அண்டா, நெய் டப்பா, கறிக்குழம்புச் சட்டி, சாப்பிட்ட தட்டு, எதுவானாலும் முதலில் பேப்பரால் துடைத்துவிட்டு அப்புறம் துலக்குங்கள். வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு அக்கா வருகிறார் என்றால் பேப்பரை சிங்க் பக்கத்திலேயே வைத்து, ஏன் என்று அவரிடமும் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், மார்கழியில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். குழாய்க்குள்ளும் பிசுக்கு அப்படித்தான் உறையும்.

சிங்க் வாயில் ஒரு சல்லடை கட்டாயம். சோறு, டீத்தூள், மீன் செதில் எல்லாம் ஈரக்குப்பைக்கு. புளித்துப்போன மாவையும் ஊற்றாதீர்கள், அது குழாய்க்குள் பசையாகிவிடும். குளியலறை வடிகாலுக்கும் சல்லடை வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் முடியும் சீயக்காயும் சேர்ந்து கட்டியாகும். நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் எதுவும் கழிப்பறைக்குள் போகக் கூடாது, பாக்கெட்டில் எப்படி எழுதியிருந்தாலும் சரி. பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், அவற்றைக் கையில் எடுப்பவர் ஒரு மனிதர்.

அடைத்துக்கொண்டால் முதலில் பிளஞ்சரால் அழுத்திப் பாருங்கள், அப்புறம் சிங்க்கின் கீழே இருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். ஆசிட் வேண்டாம். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது ஆபத்து.

தெருவில் அடைப்பு என்றால் யாரையாவது கூப்பிட்டுக் குழிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். இதை நான் மிகவும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் விஷவாயு சில நொடிகளில் ஆளை வீழ்த்திவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது, அப்படியும் மரணங்கள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சென்னையில் குடிநீர் வாரியத்துக்கு 1916-ல் சொல்லுங்கள், மற்ற ஊர்களில் 14420. இயந்திரம் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள், புகார் எண்ணையும் வாங்கி வையுங்கள்.