கார்ட்டூனுக்கு உலக உருண்டை: வரைவதும் சுழற்றுவதும் எப்படி?

வட்டம் போட்டாயிற்று. நடுவில் ஆப்பிரிக்கா மாதிரி ஒன்று, பக்கத்தில் இந்தியாவுக்காக ஒரு முக்கோணம், மேலே பெயர் தெரியாத ஒரு திட்டு, மிச்சத்துக்கு நீலம். ஆனாலும் படம் தட்டையாகவே கிடக்கிறது. பளபளப்புக்கு ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்தாலும் தேறுவதில்லை. கார்ட்டூன் வரையத் தொடங்கும் பலரிடமும் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்.

சமீபத்தில் பிள்ளைகளுக்கான ஒரு வீடியோவுக்காகச் சுழலும் பூமி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அதை முடித்த கையோடு இதை எழுதுகிறேன். மென்பொருளை எப்படி நிறுவுவது, லேயர் என்றால் என்ன என்பதெல்லாம் இதில் இல்லை. அவற்றுக்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது.

தேவையானவை: பென்சில், காம்பஸ், வரைய கிரிட்டா, முப்பரிமாண உருண்டையைச் சுழற்ற பிளெண்டர், உலக வரைபடம் எடுக்க நாசாவின் ஜி.ப்ரொஜெக்டர். மென்பொருள் மூன்றும் இலவசம். ஃபோட்டோஷாப்பின் ஸ்ஃபியரைஸ் ஃபில்டர் பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். அது மேப்பின் நடுவை உப்ப வைக்கும், அவ்வளவுதான். உருண்டையின் பின்பக்கம் மறைய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

படி 1: எந்த முகம்?

பென்சிலைத் தொடும் முன்பே முடிவாக வேண்டியது இது. ஒரு உருண்டையில் ஒரு சமயத்தில் பாதிதான் தெரியும். எந்தப் பாதியைக் காட்டுகிறோம் என்பதில்தான் கார்ட்டூனின் நக்கலே இருக்கிறது.

1805இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த ஒரு கார்ட்டூனில் பிரிட்டன் பிரதமர் வில்லியம் பிட்டும் நெப்போலியனும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, உலக உருண்டையைப் புட்டிங்காக வெட்டிக்கொண்டிருப்பார்கள். நெப்போலியன் ஐரோப்பாவை அறுக்கிறார். பிட் அட்லாண்டிக் கடல் பக்கமாகப் பெரிய துண்டு போடுகிறார். தரை உனக்கு, கடல் எனக்கு! அந்த உருண்டையை இந்தியா தெரியும்படி திருப்பி வைத்திருந்தால் ஜோக்கே செத்திருக்கும்.

ஐ.நா. சின்னத்தில் வட துருவம் நடுவில் இருப்பதும் இதே கணக்குதான். 1945 மாநாட்டுக்காகச் செய்த முதல் வடிவத்தில் வட அமெரிக்கா கீழே நட்ட நடுவில் வந்தது. அடுத்த ஆண்டே திருப்பிவிட்டார்கள். போனில் இருக்கும் பூமி இமோஜியிலும் மூன்று முகம் உண்டு: ஐரோப்பா–ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா–ஆஸ்திரேலியா. நம் ஊர்ச் செய்திக்கு அமெரிக்க முகத்தைப் போட்டு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

நமக்கு வசதியான நடுப்புள்ளி: கிழக்கு தீர்க்கரேகை 80, வடக்கு அட்சரேகை 15. இப்படி வைத்தால் இந்தியா நடுவில் வரும், ஆனால் உயரம் உருண்டையின் விட்டத்தில் சுமார் கால் பங்குதான். முக்கால்வாசிப் பேர் இதை இரண்டு மடங்காக வரைந்துவிடுகிறோம். ஆப்பிரிக்கா இடது ஓரத்தில் நசுங்கும். ஆஸ்திரேலியா வலது கீழ் ஓரத்தில் ஒதுங்கும். இரண்டு அமெரிக்காவும் முதுகுப் பக்கம், வடதுருவ ஓரத்தில் எட்டிப்பார்க்கும் ஒரு கீற்றைத் தவிர.

படி 2: கட்டம் போடுங்கள்

10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இனி தீர்க்கரேகைகள், 30 பாகைக்கு ஒன்று. இவற்றைச் சம இடைவெளியில் போடுவதால்தான் படம் தட்டையாகிறது. நடுக்கோட்டிலிருந்து முதல் வளைவு 5 செ.மீ.யில், அடுத்தது 8.7 செ.மீ.யில், அதற்கடுத்தது வட்டத்தின் விளிம்பே. ஓரம் போகப் போக நெருங்கும். பள்ளியில் படித்த சைன் 30, சைன் 60தான் இந்த எண்கள். கணக்கு பிடிக்காதவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்சரேகைகளுக்கும் அதே 5, 8.7 கணக்கு. நேர் எதிரே நின்று பார்த்தால் அவை நேர்க்கோடுகள். நாம் 15 பாகை மேலிருந்து பார்ப்பதால் எல்லாம் கீழ்நோக்கித் தொய்ந்த வளைவுகளாக வரும், பூமத்திய ரேகையும் சேர்த்து. துல்லியமாக வேண்டுமென்றால் ஜி.ப்ரொஜெக்டரில் ஆர்த்தோகிராஃபிக் (வெகுதூரத்திலிருந்து உருண்டையைப் பார்ப்பது போன்ற முறை) என்பதைத் தேர்ந்தெடுத்து, நடுப்புள்ளியாக 80, 15 கொடுத்து, வரும் படத்தை அடியில் வைத்து டிரேஸ் செய்யுங்கள். இருந்தாலும் ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். அடுத்த தடவை டிரேஸ் இல்லாமலே கை தானாக வளையும்.

அசையாத படம் மட்டும் போதும் என்பவர்கள் இந்தக் கட்டத்தின்மேல் கண்டங்களை வரைந்துவிட்டு நேராகப் படி 6க்குப் போகலாம்.

படி 3: போர்த்துவதற்கு ஒரு மேப்

சுழற்ற வேண்டுமென்றால் முழு உலகமும் ஒரே தாளில் வேண்டும். நாசாவின் புளூ மார்பிள் உலக மேப்பை (உருண்டையாகத் தெரியும் புகைப்படம் அல்ல, தட்டையாக விரித்த படம்) இறக்கி, கிரிட்டாவில் அடி லேயராக வைத்து, மேலே உங்கள் பாணியில் வரையுங்கள். 4096க்கு 2048 அளவு போதும். எழுத்து, நகரப் புள்ளி எதுவும் வேண்டாம்.

இடது ஓரமும் வலது ஓரமும் உருண்டையில் ஒட்டப் போகின்றன. கோடு ஒரு மயிரிழை விலகினாலும் பசிபிக் நடுவே தையல் தெரியும். கிரிட்டாவில் W விசையை அழுத்தினால் படம் நாலு பக்கமும் தொடர்ந்து ஓடும். ஒரு ஓரத்தில் வரைவது மறு ஓரத்திலும் விழும். ரஷ்யாவின் கிழக்கு முனை 180 பாகைக் கோட்டைத் தாண்டிப் படத்தின் இடது மூலையில் துண்டாக நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். அழுக்கு என்று அழித்துவிடாதீர்கள்.

துருவங்களை நெருங்கும்போது செங்குத்துக் கோடுகளைத் தடிமனாகப் போடுங்கள். 60 பாகையில் அகலம் பாதியாகச் சுருங்கிவிடும், நார்வேயின் கரைக்கோடு நூலாகிவிடும். அண்டார்டிகா அடியில் முழு அகலத்துக்கும் பட்டையாக ஓட வேண்டும். அது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், உருண்டையில் ஏறியதும் சரியாகிவிடும்.

படி 4: போர்த்துவது

பிளெண்டரில் யூவி ஸ்ஃபியர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐகோ ஸ்ஃபியர் வேண்டாம். செக்மென்ட் 64, ரிங் 32, ஷேட் ஸ்மூத். மெட்டீரியலில் இமேஜ் டெக்ஸ்சர் கொடுத்தால் மேப் தானாக ஏறிக்கொள்ளும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதற்குக் காரணம் பிளெண்டர் அல்ல, மேப். இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு உலக வரைபடத்தைப் போர்த்தினால் உருண்டை வரும், ஆனால் ஏதோ உறுத்தும். இந்தியா குட்டையாகி அகன்றிருக்கும். ஐரோப்பா சகாரா பக்கம் சரிந்திருக்கும். கிரீன்லாந்து பருத்துத் தெற்கே தொங்கும். அமைப்புகளை எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

காரணம், அது மெர்கேட்டர் மேப். 1569இல் மாலுமிகளுக்காக ஜெரார்டஸ் மெர்கேட்டர் போட்ட முறை. திசை மாறாமல் நேர்க்கோட்டில் கப்பல் ஓட்ட வசதியாக, துருவம் நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்கா அதில் கிரீன்லாந்துக்குச் சமமாகத் தெரிவது அதனால்தான். போன், கணினியில் பார்க்கும் வரைபடச் சேவைகள் பெரும்பாலும் இதன் சதுர வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

பிளெண்டரோ, தாளின் உயரத்தைத் துருவத்திலிருந்து துருவம் வரை சமமாகப் பங்கு போடுகிறது. ஏற்கெனவே இழுக்கப்பட்ட மேப்பை அப்படிப் பங்கு போட்டால் எல்லா ஊரும் பூமத்திய ரேகையை நோக்கி இறங்கிவிடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 51.5 பாகையில் இருக்கும் லண்டன் 30 பாகைக்கு வருகிறது, அது கெய்ரோவின் அட்சரேகை. 13 பாகையில் இருக்கும் சென்னை ஆறரைக்கு, அதாவது ஏறக்குறைய கொழும்பின் நேருக்கு, இறங்குகிறது. கண் உறுத்தாமல் என்ன செய்யும்?

போர்த்துவதற்கு வேண்டியது ஈக்விரெக்டாங்குலர் மேப். கண்டுபிடிக்க எளிய வழி: அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு, கட்டங்கள் எல்லாம் ஒரே அளவுச் சதுரம். படமே சதுரமாக இருந்தால் மெர்கேட்டர் என்று சந்தேகப்படுங்கள். சதுரப் படத்தை இழுத்து 2:1 ஆக்கினால் வேலைக்கு ஆகாது. புளூ மார்பிள் 2:1தான், அதனால்தான் படி 3இல் அதைச் சொன்னேன்.

படி 5: சுழற்றுவது

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. வடக்கு மேலே இருக்கும்போது திரையில் நிலம் இடமிருந்து வலமாக நகர வேண்டும். ஞாபகத்துக்கு: இந்தியா முன்னே, ஆப்பிரிக்கா பின்னே. தொலைக்காட்சியில் இது தலைகீழாக ஓடுவது சாதாரணம். அமெரிக்காவின் ஜான் ஸ்டீவர்ட் நடத்திய நையாண்டி நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வரும் உருண்டை தவறான திசையில் சுற்றுகிறது என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் அந்த மேடையிலேயே சொல்லிக்காட்டினார்.

பிளெண்டரில் Z சுழற்சிக்கு 1ஆம் ஃபிரேமில் 0, 241ஆம் ஃபிரேமில் 360 என்று கீஃபிரேம் வையுங்கள். மைனஸ் 360 கொடுத்தால் டைசனிடம் மாட்டிக்கொள்வீர்கள். ரெண்டர் 1 முதல் 240 வரை. 24 ஃபிரேம் வேகத்தில் 10 விநாடி, லூப்பில் விக்கல் இருக்காது. இன்டர்போலேஷனை லீனியர் ஆக்குங்கள். இல்லாவிட்டால் பூமி மெல்லக் கிளம்பி, ஓடி, ஸ்டாப்பில் நிற்கும்.

(இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தபின் கிடைத்த சொகுசு. பிபிசி ஒன் சேனலில் 1985 வரை நிகழ்ச்சிகளுக்கு இடையே வந்தது நிஜமாகவே மோட்டாரில் சுற்றிய ஒரு மாதிரி உருண்டை. அதன் பின்னால் ஒரு குழியாடி. கேமரா வைத்து நேரலையில் காட்டினார்கள்.)

சாய்வு 23.4 பாகை. இதை உருண்டைக்கே கொடுத்தால் அச்சும் சேர்ந்து சுற்றி, ஓயப்போகும் பம்பரம் மாதிரி தலையாட்டும். ஒரு எம்ப்டியை (ரெண்டரில் தெரியாத வெறும் பொருள்) வைத்து, உருண்டையை அதற்குக் குழந்தையாக்கி (பேரன்ட் செய்து), எம்ப்டியின் Yயில் 23.4 கொடுங்கள். உருண்டையின் Z தன்பாட்டுக்குச் சுழலட்டும். பின்னூட்டங்களில் அதிகம் வந்த கேள்வி இதுதான் என்பதால் இங்கேயே சேர்த்துவிட்டேன்.

படி 6: கார்ட்டூன் ஆக்குவது

நிழல் இரண்டு தட்டாக இருந்தால் போதும், வெளிச்சம் ஒன்று, இருட்டு ஒன்று. பிளெண்டரின் ஈவி ரெண்டர் எஞ்சினில் ஷேடர் டு ஆர்ஜிபி நோடும், கான்ஸ்டன்ட் வைத்த கலர் ராம்ப்பும் இதைச் செய்யும். வெளிக்கோட்டை நான் கிரிட்டாவில் கையால்தான் போடுகிறேன். தானியங்கிக் கோட்டில் உயிர் இருப்பதில்லை.

பிறகு வேண்டிய அளவு கெடுக்கலாம். 1940இல் சாப்ளின் சர்வாதிகாரி வேடத்தில் உலகத்தைப் பலூனாகத் தட்டி விளையாடினார், அது கடைசியில் வெடித்தது. சால் ஸ்டைன்பெர்க் 1976இல் நியூயார்க்கர் பத்திரிகையின் அட்டைக்கு வரைந்ததில் மன்ஹாட்டனின் இரண்டு தெரு பாதிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும், ஹட்சன் நதிக்கு அப்பால் அமெரிக்கா முழுவதும் ஒரு சின்னக் கட்டத்தில் அடங்கிவிடும். தூரத்தை வேண்டுமென்றே கெடுத்ததால் அது கேலி.

பின்சேர்க்கைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் “உங்கள் படத்தில் இலங்கையைக் காணோமே” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இலங்கையின் நீளம் சுமார் 430 கி.மீ. 10 செ.மீ. ஆரமுள்ள உருண்டையில் அது கிட்டத்தட்ட 7 மி.மீ. வரும். 2 மி.மீ.க்குக் கீழே வருவதை மட்டும் விடலாம் என்பது என் கணக்கு, அதன்படி இலங்கையை விடச் சாக்கே கிடையாது. படத்தை மாற்றிவிட்டேன். நியூசிலாந்தும் அப்படித்தான். உலக வரைபடங்களில் அது விடுபடுவதை வைத்து 2018இல் அந்த நாடே ஒரு நகைச்சுவை வீடியோ வெளியிட்டது, அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னும் அதில் நடித்தார்.

நாட்டு எல்லைகள் போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். கார்ட்டூன் உருண்டைக்குக் கரைக்கோடு போதும் என்பேன். இந்தியாவில் வெளியிடுவதாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்துக்கு மாறான இந்திய எல்லையை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. இலவசமாகக் கிடைக்கும் நேச்சுரல் எர்த் கோப்புகளில் வழக்கமாக வருவது களத்தில் யார் கையில் எது இருக்கிறதோ அந்த எல்லை. இந்தியப் பார்வையிலான எல்லைக் கோப்பும் அங்கே தனியாக இருக்கிறது, தேடி எடுங்கள்.

நீலம் வெளுத்துப்போய் வருகிறது என்றவர்களுக்கு: ரெண்டர் அமைப்பில் கலர் மேனேஜ்மென்ட், வியூ டிரான்ஸ்ஃபார்ம் போய் ஏஜிஎக்ஸ் அல்லது ஃபில்மிக் என்று இருப்பதை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். கிரிட்டாவில் வைத்த நீலமே வரும். அப்போதும் வெளுத்தால் உங்கள் விளக்கின் வெளிச்சம் அதிகம்.