கால்கரியிலிருந்து வின்னிபெக் வரை காரில்: தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். கனடாவில் கால்கரிக்குப் புதிதாக வந்தவர், வின்னிபெக்கில் சித்தப்பா மகன் இருக்கிறான், விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, காரிலேயே போய்விடலாமா என்று கேட்பார். தாராளமாகப் போகலாம். ரெஜைனா வழியாகத்தான் போவீர்கள், எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டும் போகலாம். ஆனால் வாடகை கார் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், தார் போடாத ரோட்டில் இறங்காதீர்கள், போன கோடையில் நண்பர் ஒருவர் அதில் வசமாக மாட்டிக்கொண்டார்.

முதலில் காகித வேலை. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்திலும் ரெஜைனா இருக்கும் சஸ்காச்சுவன் மாகாணத்திலும் குடியேறிய பிறகு 90 நாள் வரை நம் ஊர் லைசென்ஸில் ஓட்டலாம். கிளம்பும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கி வந்திருந்தால் கவுண்டரில் கேள்வி குறையும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கணவன் மனைவி மாற்றி மாற்றி ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள், பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். அவ்வளவுதான்.

வழியிலும் சிக்கல் இல்லை. டிரான்ஸ் கனடா ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மெடிசின் ஹேட், ஸ்விஃப்ட் கரண்ட், மூஸ் ஜா, ரெஜைனா, பிராண்டன், வின்னிபெக். சுமார் 1,330 கிலோமீட்டர். இரண்டு பகலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி 110 கிலோமீட்டர் வேகம், வளைவு கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது, குறுக்கே எருமை கிடையாது, அதனாலேயே கண் சொக்கும். தூரத்தில் ஒரு தானிய எலிவேட்டர், அதாவது தானியம் சேமிக்கும் உயரமான கட்டடம், தெரியும், ஊர் வந்துவிட்டது என்று பிள்ளைகள் கத்துவார்கள், பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் அது தூரத்திலேயே நிற்கும். கோடையில் ஆல்பர்ட்டாவுக்கும் சஸ்காச்சுவனுக்கும் ஒரே மணிதான், வின்னிபெக் இருக்கும் மனிடோபாவுக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் போய்விடும், மோட்டல் புக் செய்தவர்கள் கவனிக்கவும்.

ஊரில் ராத்திரி சாப்பாட்டை முடித்துக் கிளம்பி, விடியும்போது போய்ச் சேருவோமே, அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்தியிலும் விடியற்காலையிலும் மான்கள் ரோட்டைக் கடக்கும். ஒன்று கடந்துவிட்டது என்று ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பின்னால் இரண்டாவது வரும். ஜூன் மாதம் ரெஜைனாவில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும், வெளிச்சத்தை நம்பி உடம்பை ஏமாற்றாதீர்கள். பெட்ரோல் பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள், பங்கில் வாளியில் இருக்கும் பிரஷ்ஷால் முன்கண்ணாடியில் அப்பிய பூச்சிகளையும் அப்போதே தேய்த்துவிடலாம். சஸ்காச்சுவனில் விளக்கு எரிய நிற்கும் போலீஸ் வண்டியையோ டோ டிரக்கையோ கடக்கும்போது வேகம் 60க்கு இறங்க வேண்டும். எல்லோரும் சிவப்பு விளக்குக்கு மட்டும் பயப்படுகிறார்கள், இதில்தான் அபராதம் வாங்குகிறார்கள்.

சரி, நண்பர் கதை. மனைவி, இரண்டு பிள்ளைகள், பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்திருந்த அம்மா, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கால்கரியில் பெரிய எஸ்யூவி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கவுண்டரில் இருந்தவர் எல்லா இன்சூரன்ஸும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், கவலையே வேண்டாம் என்றாராம், இவரும் எடுத்துக்கொண்டார். முதல் இரவு சைப்ரஸ் ஹில்ஸ் என்ற பெரிய பார்க்கில் தங்கல். அந்த இடத்தைக் குறை சொல்லவே முடியாது, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கோதுமையுமாகக் கிடக்கும் சமவெளியின் நடுவில் திடீரென்று பைன் மரக் குன்றுகள், கோடையிலும் சிலுசிலுவென்று காற்று. அவர்கள் தங்கியது பார்க்கின் சென்டர் பிளாக் எனப்படும் கிழக்குப் பகுதியில். மேற்குப் பகுதியில் ஃபோர்ட் வால்ஷ் இருக்கிறது, 1875இல் மவுண்டட் போலீஸ் எனப்படும் குதிரைப் போலீஸ் கட்டிய கோட்டை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வம்பு. ஒழுங்கான வழி, 21ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே மேப்பிள் கிரீக் வரை போய், அங்கிருந்து 271ஐப் பிடித்து மறுபடி தென்மேற்கே இறங்குவது. சுற்றுதான். போனில் பார்த்தால் குறுக்கே ஒரு கோடு தெரியும், கேப் ரோடு. முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. ரோடு தொடங்கும் இடத்தில் ஈரமாக இருந்தால் இந்த வழியில் போக முடியாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நண்பர் அதைப் படிக்கவும் செய்தார். நம் ஊரில் 'வேலை நடைபெறுகிறது, மாற்றுப்பாதையில் செல்லவும்' என்ற போர்டைத் தாண்டி பஸ்ஸே போகுமே, அந்தக் கணக்கில் போய்விட்டார். இங்கே போர்டு எழுதுகிறவன் சும்மா எழுதுவதில்லை என்பது நமக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடிக்கிறது.

அந்த மண்ணை இங்கே கம்போ என்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? மட்கார்டுக்குள் மண் திணிந்து சக்கரம் சுற்றாமல் நிற்கும், குச்சி ஒடித்து நோண்டி எடுத்துவிட்டு நாலடி தள்ளினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதேதான், இங்கே இரண்டு டன் காருக்கு. களிமண் முதலில் டயரின் வெட்டுகளை நிரப்பி டயரை வழவழப்பாக்கிவிடும், அப்புறம் ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பிரயோஜனம் இல்லை, நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. அம்மா பின் சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். கடைசியில் அந்தப் பக்கமாக வந்த பண்ணைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார், பணம் நீட்டியதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சஸ்காச்சுவன்காரர்களைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். வண்டியைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அடியில் காய்ந்து செங்கல்லாகிப்போன மண், சக்கரத்துக்கு மேல் கிழிந்த பிளாஸ்டிக் உறை, நசுங்கிய அடித்தகடு, எல்லாவற்றையும் வாடகை கம்பெனிக்காரர்கள் போட்டோ எடுத்துவிட்டார்கள். தார் போடாத ரோட்டில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, நீங்கள் ஓட்டிவிட்டீர்கள், ஆகவே வாங்கிய இன்சூரன்ஸ் எதுவும் செல்லாது என்றார்கள். கிரெடிட் கார்டோடு வரும் இன்சூரன்ஸைக் கேட்டால் அவர்களும் அதே பாட்டு, ஒப்பந்தத்தை மீறினால் நாங்கள் பொறுப்பில்லை. ரிப்பேர் செலவோடு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கான வாடகையும் பில்லில் வந்தது. விமானத்திலேயே போய், வின்னிபெக்கில் நல்ல ஹோட்டலிலும் தங்கியிருக்கலாம், அவ்வளவு தொகை. எல்லாம் கவர் ஆகும் என்று சொல்லி விற்ற ஆள் இந்த ஒரு வரியை வாய் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள், பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். பொதுமக்கள் பயன்படுத்தும் நல்ல கிராவல் ரோடு, அதாவது சரளைக்கல் ரோடு, பரவாயில்லையா, அதுவும் கூடாதா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள், வாய் வார்த்தை நிற்காது.

சஸ்காச்சுவனில் ரோட்டு நம்பரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஒன்று, இரண்டு இலக்க நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் தார். 200 வரிசை பார்க்குகளுக்குப் போகும் ரோடுகள். 600, 700 வரிசை என்றால் கிராவலாக இருக்க வாய்ப்பு அதிகம், உஷார். நம்பரே இல்லாத கிரிட் ரோடுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1871இல் தொடங்கிய நில அளவையில் சமவெளி முழுவதையும் மைல் மைலாகச் சதுரம் போட்டு, இடையில் ரோட்டுக்கு இடம் விட்டார்கள். அந்தக் கோடுகளெல்லாம் இன்று வரைபடத்தில் நேராக, அழகாகத் தெரியும், போனுக்கு அதில் கல்லா களிமண்ணா என்ற கவலை இல்லை. வேஸ் செயலியில் தார் போடாத ரோட்டைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாகாண அரசின் காகித வரைபடத்தில் தார், கிராவல் இரண்டையும் தனித்தனிக் கோடாகக் காட்டியிருப்பார்கள், சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்டு வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். மழை பெய்திருந்தால் சஸ்காச்சுவன் ஹைவே ஹாட்லைனில் ரோட்டு நிலவரத்தைப் பாருங்கள், பார்க்குக்குள் போவதென்றால் அங்கே அலுவலகத்தில் இருப்பவர்களிடமே கேளுங்கள், ஃபோர்ட் வால்ஷுக்கு எந்த வழி என்று கேட்டிருந்தாலே மேப்பிள் கிரீக் வழியாகப் போங்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

தார் ரோட்டை விடாமலேயே பார்க்க நிறைய இருக்கிறது. மெடிசின் ஹேட்டில் 1988 கால்கரி ஒலிம்பிக்ஸுக்காகச் செய்த பிரம்மாண்ட டீப்பி, பூர்வகுடிகளின் கூம்புக் கூடார வடிவம். சாப்ளின் ஊரில் நெடுஞ்சாலை ஓரமாகவே வெள்ளை வெளேரென்று சோடியம் சல்பேட் ஏரி, வலசைப் பறவைகள் இறங்கும் இடம். மூஸ் ஜாவில் மூஸ் எனப்படும் பெரிய மானுக்குப் பத்து மீட்டருக்கு மேல் உயரமான சிலை, பிள்ளைகள் அதன் காலடியில் படம் எடுக்காமல் வர மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை முதல் நாள், கூலர் பெட்டியில் தயிர் இருந்தால் இரண்டாம் நாளும் சமாளிக்கலாம். சின்ன ஊர்களில் பழைய சீனக் குடும்பங்களின் உணவகங்கள் இருக்கும், சைவம் என்று சொன்னால் காய்கறி நூடுல்ஸ் செய்து தருவார்கள், முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். மோட்டல் அறையில் குக்கரில் சோறு வைக்கலாம், ஆனால் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்காதீர்கள், புகை அலாரம் அடித்து ராத்திரி பத்து மணிக்கு மொத்த மோட்டலும் பார்க்கிங்கில் நிற்கும்.

இதெல்லாம் மே கடைசி முதல் செப்டம்பர் வரை கிளம்புகிறவர்களுக்கு. ஜனவரியில் முதல் முறையாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், விமான டிக்கெட் எடுங்கள்.